வெயிலும் ஈரமும் நிறைந்த ஊரில் பாம்புப் பெட்டி: முதல்முறை வளர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நான் முதன்முதலாகப் பாம்பு வளர்க்கத் தொடங்கியது ஒரு பங்குனி மாதம். தக்கலைக்குப் பக்கத்தில் வீடு. மேல்மாடி அறை, அதற்கு நேர் மேலே மொட்டைமாடி. வெளிநாட்டுக்காரர்களின் காணொளிகளைப் பார்த்து, அவர்கள் சொன்னபடியே சூடேற்றும் பல்பு, பெட்டிக்கு அடியில் விரிக்கும் மின்சாரச் சூட்டு விரிப்பான ஹீட் மேட், தண்ணீர் தெளிக்கும் பாட்டில் எல்லாம் வாங்கி அடுக்கியிருந்தேன். வந்த நாலாம் நாள் முதல் பாம்பு தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு வெளியே வரவில்லை. "பாருங்க, சுகமா குளிக்குது" என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். அப்புறம்தான் பெட்டியில் குளிர்ச்சியான பக்கம் என்று நான் நம்பியிருந்த மூலையில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தேன். 34 டிகிரி. போக வேறு இடம் இல்லாமல்தான் அது தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது.

அந்தக் காணொளிகளில் தப்பு இல்லை. குளிர்காலத்தில் வெளியே பனி கொட்டும் ஊரில், ஹீட்டர் காய்ச்சி உலர்த்திய அறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எடுத்தவை அவை. அங்கே சூடும் ஈரமும் காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருள். குமரி மாவட்டத்தில் இரண்டும் தானாகவே வீட்டுக்குள் வரும், அதுவும் அளவுக்கு மேல். இங்கே பெட்டி வைப்பவர் செய்யும் பெரும்பாலான தவறுகள் இந்த ஒரு வித்தியாசத்தை மறந்துவிடுவதால் வருபவை.

பெட்டிக்கு முன்னால், எந்தப் பாம்பு

ரப்பர் தோட்டத்திலோ வயல் வரப்பிலோ கண்ட சாரையையோ தண்ணீர்ப் பாம்பையோ பிடித்து வந்து வளர்க்கலாம் என்ற நினைப்பு இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். நம் மண்ணின் பாம்புகள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. பிடிப்பதும் குற்றம், வளர்ப்பதும் குற்றம். மண்ணுளிப் பாம்பும் அப்படித்தான். அதற்கு இரண்டு தலை, லட்சக்கணக்கில் விலை போகும் என்று காதில் ஓதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரண்டாவது தலை என்பது மழுங்கிய வால். லட்சம் என்பது உங்கள் பணத்தைக் கறக்க ஒரு கதை.

ஆகவே பேச்சு வெளிநாட்டு இனங்களைப் பற்றியது. முதல்முறை வளர்ப்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படுபவை இரண்டு: ஆப்பிரிக்காவின் பால் பைத்தான், அமெரிக்காவின் கார்ன் ஸ்நேக். இரண்டும் விஷமற்றவை, பெரும்பாலும் 3 முதல் 5 அடி வரை வளர்பவை. பால் பைத்தான் 20, 30 வருடம்கூட உயிரோடு இருக்கும். இப்போது பத்தாம் வகுப்புப் படிக்கும் பையன் கேட்கிறான் என்று வாங்கிக் கொடுத்தால், அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகும் அந்தப் பெட்டி உங்கள் வீட்டில்தான் இருக்கும்.

காட்டுயிர்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ள பாம்பு பால் பைத்தான். 2022-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்கும் அதையொட்டி 2024 பிப்ரவரியில் வந்த விதிகளுக்கும் பிறகு, அதை வைத்திருப்பவர் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். கைமாறினாலும், குட்டி வந்தாலும், இறந்தாலும் தெரிவிக்க வேண்டும். காகிதம் எதுவும் கேட்காதே, விலையைக் குறைத்துத் தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள். கார்ன் ஸ்நேக் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்கும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

சூடு

பாம்புக்கு நம்மைப் போல உள்ளே கொதிக்கும் அடுப்பு கிடையாது. சூடு வேண்டுமென்றால் சூடான இடத்துக்கு நகரும், போதுமென்றால் விலகும். பெட்டி என்பது அந்த நகர்வுக்கான இடம். பால் பைத்தானுக்கு ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி, மறுமுனையில் 25 முதல் 27 என்றால் சரியாக இருக்கும். கார்ன் ஸ்நேக்குக்கு இரண்டு முனையிலும் இரண்டு மூன்று டிகிரி குறையலாம். வெளிநாட்டுக்காரர் சூடான முனையை உருவாக்கத் திண்டாடுகிறார். பங்குனி, சித்திரையில் நமக்குத் திண்டாட்டம் மறுமுனையில்.

எனவே முதல் முடிவு, பெட்டி எந்த அறையில் என்பது. மொட்டைமாடிக்கு அடியில் உள்ள அறை வேண்டாம். மேற்குப் பார்த்த ஜன்னலோரமும் வேண்டாம். கண்ணாடிப் பெட்டியில் நேரடி வெயில் பட்டால் கொஞ்ச நேரத்தில் உள்ளே உயிர் போகும் சூடு ஏறிவிடும். கீழ்த்தளத்தில், வடக்குப் பக்கம், சீலிங் ஃபேன் ஓடும் அறை நல்லது. பழைய ஓட்டு வீட்டில் மச்சுக்குக் கீழே உள்ள அறை கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை.

ஹீட் மேட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனி, ஆடி சாரலிலும் மார்கழி இரவுகளிலும் தேவைப்படும், இரை செரிக்கச் சூடு வேண்டும். ஆனால் சூடு அளவைத் தாண்டினால் தானே நிறுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் அதைச் செருகவே கூடாது. பாம்பு தன் வயிற்றடியில் தோல் வெந்தாலும் சட்டென்று நகராமல் அங்கேயே படுத்திருக்கும். மேலே நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அடியில் செதில் கருகியிருக்கும். தெர்மோஸ்டாட்டின் உணர்கம்பியைப் பாம்பு உடல் படும் இடத்தில் வையுங்கள், சுவரில் தொங்கவிடாதீர்கள். சுடும் கல் என்று விற்பதை வாங்காதீர்கள். வலைக்கூண்டு போடாத பல்பைப் பெட்டிக்குள் மாட்டாதீர்கள், அதில் போய்ச் சுற்றிக்கொள்ளும்.

கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரை நம்ப முடியாது. இரண்டு முனைக்கும் இரண்டு டிஜிட்டல் மீட்டர் வேண்டும். பாம்பு வருவதற்கு இரண்டு வாரம் முன்பே பெட்டியைத் தயார் செய்து, மத்தியானம் 3 மணிக்கும் விடியற்காலை 4 மணிக்கும் எண்களைக் குறித்து வையுங்கள். அந்த ஒரு தாள் பத்துக் காணொளிக்குச் சமம், ஏனென்றால் அது உங்கள் வீட்டைப் பற்றியது.

ஈரம்

தினமும் இரண்டு முறை தண்ணீர் தெளியுங்கள் என்பார்கள். குலசேகரத்திலோ திற்பரப்பிலோ ஆனி மாதத்தில் அப்படிச் செய்தால் பெட்டி சேறாகும். இங்கே தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு. அலமாரிக்குள் தொங்கும் சட்டையே பூசணம் பிடிக்கும் காலத்தில் காற்றோட்டமில்லாத பெட்டி என்ன ஆகும்? வயிற்றுச் செதில்கள் சிவந்து பழுப்பாகிப் புண்ணாகும். அடுத்தது நெஞ்சு. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் குமிழி வருவது, மூச்சில் சத்தம் கேட்பது எல்லாம் நுரையீரல் நோயின் அடையாளம். கை வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று பாம்பு வாங்கும் முன்பே விசாரித்து வையுங்கள். நாகர்கோவிலில் கிடைக்காவிட்டால் திருவனந்தபுரம் வரை கேட்டுப் பாருங்கள்.

ஆனால் மாவட்டம் முழுக்க ஒரே கணக்கு இல்லை. அதே ஆனியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று முப்பந்தல் காற்றாலைகளை விடாமல் சுற்றவைக்கும். தோவாளைப் பக்கம் வீட்டுக்குள் எல்லாம் உலர்ந்து கிடக்கும். அங்கே பாம்பு சட்டையைத் துண்டு துண்டாக உரிக்கும். கண்ணின் மேல் பழைய தோல் ஒட்டிக்கொண்டு நிற்கும். சட்டை தலை முதல் வால் வரை ஒரே உறையாகக் கழன்றால் ஈரம் சரி என்று பொருள். கார்ன் ஸ்நேக்குக்குச் சுமார் 40 முதல் 60 சதவீதமும், பால் பைத்தானுக்கு 60-ஐ ஒட்டியும் இருக்கலாம். உலர்ந்த பக்கத்துக்காரர்கள் பெட்டி முழுவதையும் நனைக்க வேண்டாம். ஒரு மூடிய டப்பாவில் வாசல் வெட்டி, உள்ளே ஈரத் தும்பு (தேங்காய் நார்) போட்டு வைத்தால் போதும். தேவைப்படும்போது அதுவே உள்ளே போகும்.

தரையும் ஒளிந்துகொள்ளும் இடமும்

கோகோ பீட் என்று கட்டி கட்டியாக விலைக்கு விற்கிறார்களே, அது நம் கதம்பையிலிருந்து (தேங்காய் மட்டை) நார் எடுத்த பிறகு மிஞ்சும் தூள்தான். தும்பு ஆலைக்குப் பக்கத்தில் குவிந்து கிடக்கும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று அப்படியே அள்ளிப் போடாதீர்கள். காயல் தண்ணீரில் ஊறிய கதம்பையின் தூளில் உப்பு இருக்கும், பூச்சியும் இருக்கும். இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, நல்ல வெயிலில் காயவைத்துப் போட்டால் அதைவிட நல்ல தரை கிடையாது. கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம். மரம் அறுக்கும் மில்லின் தூளும் வேண்டாம். தூசி மூச்சில் ஏறும், எந்த மரம், அதற்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று நமக்குத் தெரியாது. மழைக்காலத்தில் நான் தூளை எடுத்துவிட்டு வெறும் செய்தித்தாள்தான் விரிக்கிறேன். அழகு இல்லை, ஆனால் நனைந்தால் உடனே தெரியும், சுருட்டி எறியலாம்.

வெட்டவெளியான பெரிய பெட்டியில் விடப்பட்ட குட்டி பயத்தில் சாப்பிடாது. அதற்காகச் சின்னப் பெட்டியிலேயே வைத்திருப்பதும் சரியில்லை. வளர்ந்த பாம்புக்கு 4 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம் வேண்டும். உடலை நீட்டிப் படுக்க முடிய வேண்டும். முதலிலேயே பெரிதாகச் செய்து உள்ளே ஒளிய இடம் நிறைத்துவிட்டால் இரண்டு முறை செலவு இல்லை. ஒளிந்துகொள்ளும் இடம் குறைந்தது இரண்டு, சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றுதான் இருந்தால், பாம்பு சூட்டையும் பாதுகாப்பையும் வைத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிவரும், பெரும்பாலும் பாதுகாப்பையே தேர்ந்தெடுக்கும். கடையில் வாங்கத் தேவையில்லை. குட்டிக்கு, விளிம்பில் வாசல் வெட்டிய சிரட்டை. பெரிதான பிறகு, கவிழ்த்து வைத்த மண்சட்டி.

எறும்பை எந்தக் காணொளியும் சொல்லவில்லை. இரையின் வாசம் பட்டால் ஒரே இரவில் வரிசை கட்டிவிடும். மருந்து அடித்தால் பாம்புக்கே ஆபத்து. பெட்டி இருக்கும் அறையில் கொசுவர்த்தியும் பாச்சா உருண்டையும்கூடக் கூடாது. எங்கள் ஆச்சி பலகாரப் பெட்டிக்குச் செய்ததைத்தான் செய்தேன்: மேசையின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய நாலு கிண்ணத்தில் வைத்தேன். கொசு பெருகாமல் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

தீனி

"பால் பைத்தான்னா பால் குடிக்கும்தானே மக்களே?" என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். பயந்தால் பந்து போலச் சுருளும் என்பதால் வந்த பெயர் அது, பாலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் நாகராஜா கோயிலில் நாகர் சிலைகளுக்குப் பால் ஊற்றி வளர்ந்தவர்கள் நாம், அப்படிக் கேட்பது இயல்புதான். ஆனால் பெட்டியில் இருப்பதற்குப் பால் வைத்தால், தாகத்தில் குடித்தாலும் குடிக்கும், பிறகு வயிறு கெடும்.

அதன் உணவு எலி மட்டும். பொறியில் விழுந்த வீட்டு எலியைப் போடாதீர்கள். எங்கோ விஷம் தின்ற எலியாக இருக்கலாம், எலிக்காய்ச்சலும் நம் பக்கம் தெரியாத நோய் இல்லை. உயிருள்ள எலி பாம்பையே கடித்துக் குதறும். உறையவைத்த எலியை உருக்கி, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் கொடுக்க வேண்டும். பாம்பின் உடலில் தடித்த இடத்தைவிடப் பருமனாக இருக்கக் கூடாது. இதற்கு ஃப்ரீசரில் இடம் வேண்டும். அதே ஃப்ரீசரில் நெய்மீன் துண்டு வைக்கும் அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். எங்கள் வீட்டில் பேசாமல் வைத்தேன், கடைசியில் எலிக்குத் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர் வாங்க வேண்டிவந்தது.

வந்த முதல் ஒரு வாரம் தொடாதீர்கள். நண்பர்களைக் கூட்டி வந்து கையில் கொடுத்துப் படம் எடுப்பதும் வேண்டாம்.

வெளியேறினால்

மீன் தொட்டிக்கு மேலே பலகை வைத்து, அதன் மேல் செங்கல் வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. விரல் நுழையும் இடுக்கில் கார்ன் ஸ்நேக் குட்டி போய்விடும். பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக்குப் பூட்டு, ஒயர் நுழையும் ஓட்டைக்கு அடைப்பு, காற்றுத் துளைக்கு நெருக்கமான வலை கட்டாயம்.

இந்த மாவட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. தொலைந்துபோன உங்கள் பாம்பைத் தேடும்போது கண்ணில் படுவது உங்கள் பாம்பாகவே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. விறகடுக்கில், அரையிருட்டில், பழக்கமில்லாத கண்ணுக்குப் பால் பைத்தானின் புள்ளியும் கண்ணாடி விரியனின் புள்ளியும் குழப்பும். கட்டுவிரியன் இரவில் வீட்டுக்குள் வரக்கூடியது. டார்ச் இல்லாமல் தேடாதீர்கள், தெரியாத இடுக்கில் கையை விட்டுத் துழாவாதீர்கள். கடிபட்டால் கட்டுப் போடாமல், கீறாமல், நேராக ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ விஷமுறிவு மருந்து உள்ள பக்கத்து மருத்துவமனைக்கோ போங்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் பாம்பின் படத்தை முன்பே காட்டி வையுங்கள். இல்லாவிட்டால் அதற்கு முதலில் கிடைப்பது கம்படிதான். வளர்க்க முடியவில்லை என்றாலும் தோட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிடக் கூடாது. இங்கே அதைக் கொல்லும் குளிர்காலம் இல்லை. பிழைத்து நின்றால் நம் பாம்புகளுக்கு அது கொண்டுபோகும் நோய் மிஞ்சும்.

கரண்ட் போனால் என்ன செய்வது என்று எல்லாரும் கேட்பார்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்த பிறகு எங்கள் பக்கம் பல நாள் கரண்ட் இல்லை. ஹீட் மேட் ஓடவில்லை. பெட்டிக்குள் 25 டிகிரி. இரை கொடுப்பதை மட்டும் நிறுத்தினேன், சூடு இல்லாமல் செரிக்காது என்பதால். பாம்பு சட்டிக்குள் சுருண்டு பேசாமல் கிடந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. ஃப்ரீசரில் இருந்த எலிகளைத்தான் நாலாம் நாள் முறிந்து விழுந்த பலாமரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தோம்.