'சாஷ்' வந்தால் முதலில் பாருங்கள்: துணியா, ஜன்னல் சட்டமா?

ஆங்கிலத்தில் 'சாஷ்' (sash) என்பதற்கு எழுத்துக்கூட்டல் ஒன்றுதான், சொல் இரண்டு. ஒன்று அரபிவழி வந்த துணி. இன்னொன்று பிரெஞ்சுவழி வந்த ஜன்னல் சட்டம். மொழிபெயர்ப்பவர் அகராதியின் முதல் பொருளை அப்படியே எடுத்தால் ஜன்னலுக்குக் கச்சை கட்டிவிட நேரும்.

பக்கத்துச் சொற்களைப் பாருங்கள். முடிச்சு, குஞ்சம், இடுப்பு, தோள் என்று வந்தால் துணி. கண்ணாடி, எடைக்கட்டி, தூக்குவது, இறக்குவது என்று வந்தால் சட்டம். 'கயிறு' என்பதை மட்டும் நம்பாதீர்கள், அது இரண்டோடும் வரும்.

துணி என்றால் காலத்தையும் கவனிக்க வேண்டும். அரபியில் 'ஷாஷ்' என்பது மெல்லிய மஸ்லின். 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் அதே ஒலியோடு நுழைந்தபோது அதன் பொருள் தலைப்பாகைத் துணி. இரண்டு 'ஷ' அடுத்தடுத்து வந்ததால் முதலாவது பின்னாளில் 'ஸ' ஆனது. துணியும் தலையிலிருந்து இடுப்புக்கும் தோளுக்கும் இறங்கியது. எனவே பழைய பயணக் குறிப்பில் தலையில் சுற்றியதாக வந்தால் 'தலைப்பாகை' என்றே எழுதுங்கள். இடுப்பில் என்றால் 'இடைக்கச்சை'. தோளிலிருந்து எதிர் இடுப்புக்குப் போனால் 'குறுக்குப் பட்டை'. 'தோள்பட்டை' என்றால் உடலுறுப்பாகிவிடும். 'பெல்ட்' பொருந்தாது, சாஷ் பெரும்பாலும் சுற்றி முடிச்சிடுவது.

சட்டத்தின் கதை வேடிக்கையானது. பிரெஞ்சில் சட்டத்துக்கு 'ஷாஸி' என்று பெயர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அதைக் கடன் வாங்கிய ஆங்கிலேயர், கடைசி ஒலியைப் பன்மை விகுதி என்று எண்ணி வெட்டிவிட்டார்கள். லாரியின் அடிச்சட்டத்தைச் சொல்லும் 'சேஸிஸ்' அதே சொல்தான், வெட்டுப்படாமல் வந்தது. மூலம், பெட்டி என்று பொருள்படும் லத்தீன் 'காப்ஸா'.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, சாஷை 'நிலை' என்று எழுதுவது. சுவரில் பதிந்து நிற்பது நிலை. கண்ணாடியைத் தாங்கி நிலைக்குள் பொருந்துவது சாஷ். 'கண்ணாடிச் சட்டம்' என்றால் குழப்பமில்லை. மேலும் கீழும் நகரும் ஜன்னலில் 'சாஷ் கார்டு' என்பது அந்தச் சட்டத்தை நிலைக்குள் மறைந்திருக்கும் எடைக்கட்டியோடு இணைக்கும் கயிறு. தச்சரின் 'சாஷ் கிளாம்ப்' பசை காயும்வரை சட்டங்களை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட கருவி. ஒயிலாக நடப்பதைச் சொல்லும் 'சாஷே'வுக்கு இந்த இரண்டோடும் நேரடி உறவில்லை. அது 'ஷஸே' என்ற பிரெஞ்சு நடன அடி.