சேமிப்பு வளையத்தில் கற்றையை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலத்திரன் போன்ற துணிக்கைகளைக் கற்றையாக, அதாவது மெல்லிய ஓட்டமாக, வட்டப் பாதையில் சுற்றவிட்டு வைத்திருக்கும் இயந்திரம்தான் சேமிப்பு வளையம். இலங்கையில் அப்படி எதுவும் இல்லை. நமக்குக் கிட்டவுள்ளது இந்தியாவின் இந்தூரில் இருக்கும் இண்டஸ்-2. சுற்றளவு 172 மீற்றருக்குச் சற்று மேல். அதற்குள் இலத்திரன்கள் செக்கனுக்கு ஏறத்தாழ 17 லட்சம் தடவை சுற்றுகின்றன. ஹட்டனிலும் பண்டாரவளையிலும் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்துவிட்டுப் பேராதனைக்கோ அதற்கு அப்பாலோ போகும் நம் பிள்ளைகள் சிலராவது இந்தத் துறைக்குள் போக வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அப்படிப் போகிறவர்கள் தொடக்கத்திலேயே தடுக்கி விழும் இடங்களைப் பற்றித்தான் இது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இடங்காட்டி, அதாவது கற்றை குழாயின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறது என்று காட்டும் கருவி, பூச்சியம் காட்டினால் கற்றை நடுவில்தான் போகிறது என்று நம்பிவிடுவது. வெற்றிடக் குழாயின் சுவரில் பொத்தான் மாதிரி நான்கு மின்வாய்கள் இருக்கும். கற்றை வலப்பக்கம் ஒதுங்கினால் வலப்பக்க மின்வாய்களில் சைகை கூடும், இடப்பக்கம் குறையும். வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்து, ஒரு மாறிலியால் பெருக்கினால் இடம் கிடைக்கும். இதுவும் நடுவுக்கு அருகில் மட்டுமே சரிவரும். ஆனால் நான்கு கேபிள்களும் சைகையை ஒரே அளவில் கொண்டுவருவதில்லை. ஒன்றில் இழப்புக் கொஞ்சம் கூடினாலே, நடுவில் போகும் கற்றை ஓரத்தில் போவதாகத் தெரியும். கொழுந்து மடுவத்துத் தராசில் ஒன்றும் தொங்காதபோதே முள் தள்ளி நின்றால், நிறுக்கிற ஒவ்வொரு சாக்கிலும் அந்த வழு ஏறிக்கொண்டே போகுமே, அதே பூச்சிய வழுதான் இது.

“அப்படியென்றால் கற்றையை நிறுத்திவிட்டு வெறும் வாசிப்பைப் பார்த்துக் கழித்தால் சரிதானே, சேர்?” என்று ஒரு மாணவி கேட்டாள். அருமையான கேள்வி. ஆனால் கற்றை இல்லாவிட்டால் சைகையே இல்லை, கழிப்பதற்கு எதுவும் கிடைக்காது. ஆகவே கற்றையை வைத்தேதான் நடுவைக் கண்டுபிடிக்க வேண்டும். கற்றையைக் குவிக்கும் நான்முனைக் காந்தத்தின் நடுவில் புலம் பூச்சியம். அந்தக் காந்தத்தின் மின்னோட்டத்தைச் சிறிது மாற்றிப் பாருங்கள். கற்றை நடுவில் போனால் வளையத்தில் எங்கேயும் பாதை அசையாது. தள்ளிப் போனால் காந்தம் அதை உதைக்கும், பாதை வளையம் முழுவதும் நெளியும். கற்றையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, நெளிவு இல்லாமல் போகும் இடத்தில் பக்கத்து இடங்காட்டியை வாசியுங்கள். 0.2 மில்லிமீற்றர் என்று காட்டினால், அந்த 0.2 தான் அதன் பூச்சியம். இலத்திரனியல் பெட்டியையோ கேபிளையோ மாற்றினால் இதைத் திரும்பவும் செய்ய வேண்டும். இந்த வேலையைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்தது திருத்தும்போது வரும் பேராசை. கற்றையின் பாதையைத் திருத்தும் சிறு காந்தங்கள்தான் திருத்தக் காந்தங்கள். அவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடங்காட்டியின் வாசிப்பையும் எவ்வளவு மாற்றுகிறது என்று அளந்து ஒரு தாயமாக, அதாவது நிரை நிரலாக அமைந்த எண் அட்டவணையாக, எழுதுவோம். அதன் நேர்மாறை அப்படியே பயன்படுத்தினால் எல்லா வாசிப்பும் பூச்சியத்துக்கு வந்துவிடும்போலத் தோன்றும். ஆனால் அந்தத் தாயத்துக்குள் காந்தங்களால் எளிதில் அசைக்க முடியாத பாதைக் கோலங்கள் சில ஒளிந்திருக்கும். நேர்மாறு எடுக்கும்போது அவைதான் பூதாகரமாகும். இடங்காட்டியின் சின்ன இரைச்சலைக்கூட உண்மையென்று எடுத்து, பக்கத்துப் பக்கத்துக் காந்தங்கள் ஒன்றையொன்று எதிர்த்து முழு மின்னோட்டத்தில் தள்ளத் தொடங்கும். திரையில் வாசிப்பு அழகாக இருக்கும், கற்றை கெட்டுப்போயிருக்கும். அந்தப் பலவீனமான கோலங்களை வெட்டிவிட்டு, மிஞ்சும் சிறு விலகலை அப்படியே விட்டுவிடுவதுதான் சரி.

எல்லா விலகலுக்கும் காந்தத்தையே தேடுவதும் தவறு. ஜெனீவாவில் 1989 முதல் 2000 வரை ஓடிய லெப் வளையம் ஏறத்தாழ 27 கிலோமீற்றர். சந்திரனின் இழுப்பில் கடல் மட்டுமல்ல, பாறையும் ஏறி இறங்குகிறது. ஹட்டனில் நாம் நிற்கிற மலையும்தான். அதனால் லெப்பின் சுற்றளவு ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு மாறியது, கற்றையின் சக்தி 10 மெகா இலத்திரன் வோல்ற்று அளவுக்கு ஆடியது. 1992 இல் இதை அளந்தே காட்டினார்கள். இசட் போசன் என்ற துணிக்கையின் திணிவைத் துல்லியமாக அளந்துகொண்டிருந்தவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வளையம் நீளும்போது, கற்றை வளையும் இடங்களிலெல்லாம் உள்பக்கமாகவே ஒதுங்கும். அதைத் திருத்தக் காந்தங்களால் தள்ளப் பார்த்தால் அவற்றின் பலம்தான் வீணாகும். மாற்ற வேண்டியது, கற்றைக்குச் சக்தியூட்டும் ரேடியோ அலையின் மீடிறனை.

கற்றை வெளிவிடும் சாதாரண ஒளியைப் படமெடுத்து, அதில் கற்றையின் உயரத்தை அளந்து நம்புவதும் தவறுதான். ஒளியின் கோணல், அதாவது விளிம்புகளில் ஒளி வளைந்து பரவுவது, காரணமாகப் படம் எப்போதும் பருத்தே தெரியும். சில மைக்ரோமீற்றர் உயரமுள்ள கற்றைக்கு எக்ஸ் கதிரோ, ஒளி அலைகளை ஒன்றோடொன்று சேர்த்து அளக்கும் தலையீட்டுமானியோ வேண்டும்.

அப்புறம் டியூன், அதாவது ஒரு சுற்றில் கற்றை பக்கவாட்டில் எத்தனை தடவை அலைகிறது என்ற எண். இடங்காட்டி கற்றையைச் சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே பார்க்கிறது, ஆகவே முழு எண் பகுதி தெரியவே தெரியாது. 9.3 ஆனாலும் 9.7 ஆனாலும் திரையில் தெரியும் மீடிறன் வரைபின் உச்சி 0.3 இலேயே நிற்கும். கிடையாகக் குவிக்கும் நான்முனைக் காந்தத்தைக் கொஞ்சம் பலப்படுத்திப் பாருங்கள். உச்சி மேலே போனால் 0.3, கீழே இறங்கினால் 0.7. முழு எண்ணுக்கு, ஒரேயொரு திருத்தக் காந்தத்தை இயக்கி, வளையத்தைச் சுற்றி வரும்போது பாதை எத்தனை தடவை நெளிகிறது என்று எண்ணுங்கள்.