மறைந்த உறவினரின் கல்லறையைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொள்ளுத்தாத்தாவை எங்கே அடக்கம் செய்தார்கள் என்று தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் நேராக மயானத்துக்குப் போய்விடுகிறார்கள். வரிசை வரிசையாக நடந்து, ஒவ்வொரு கல்லாகப் படித்து, மாலையில் வெறுங்கையோடு திரும்பி, 'இங்கே இல்லை' என்று முடிவுகட்டுகிறார்கள். இந்தத் தேடலில் நடக்கும் தவறுகளிலேயே பெரியது இதுதான். கல் வைக்கப் பணம் வேண்டும். புதைக்கப்பட்டவர்களில் மிகப் பலருக்குக் கல்லே வைக்கப்படவில்லை. மரச் சிலுவையோ பலகையோ நட்டிருந்தால் அது சில பத்தாண்டுகளில் மக்கியிருக்கும். வைத்த கல்லும் சாய்ந்து மண்ணுக்குள் போயிருக்கலாம். ஆனால் கல் இல்லாதவருக்கும் பதிவேட்டில் ஒரு வரி இருக்க வாய்ப்பு உண்டு. எனவே முதலில் தேட வேண்டியது காகிதத்தை. மயானத்துக்கு நடப்பது கடைசி வேலை.

இறந்த ஊரிலேயே அடக்கமும் நடந்திருக்கும் என்று எண்ணுவது அடுத்த தவறு. மருத்துவமனையில் இறந்தவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோயிருப்பார்கள். கணவரைப் புதைத்த குழியிலேயே பல ஆண்டுகள் கழித்து மனைவியையும் வைத்திருப்பார்கள். ஊருக்குள் இருந்த பழைய இடுகாடு நிரம்பி மூடப்பட்டிருக்கும். லண்டனில் அப்படித்தான் நடந்தது. நகருக்குள் இருந்த தேவாலய வளாகங்களில் இடம் நிரம்பி வழிந்ததால், 1854இல் சர்ரே பகுதியில் புரூக்வுட் மயானம் திறக்கப்பட்டது. தூரம் சுமார் 40 கிலோமீட்டர். சவப்பெட்டிகளையும் துக்கத்துக்கு வந்தவர்களையும் ஏற்றிச் செல்லவே தனி ரயில் ஓடியது. லண்டனில் இறந்தவரை லண்டனுக்குள் மட்டும் தேடினால் அவர் கிடைக்காமலே போகலாம்.

இறப்புச் சான்றிதழில் எல்லாம் இருக்கும் என்று நம்புகிறவர்களும் ஏமாறுகிறார்கள். அதில் என்னென்ன எழுதுவார்கள் என்பது நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் மாறும். இங்கிலாந்து, வேல்ஸ் சான்றிதழ்களில் புதைத்த இடம் குறிக்கப்படுவதில்லை. ஸ்காட்லாந்தில் 1855இல் பதிவு தொடங்கியதிலிருந்து 1860 வரையிலான பதிவுகளில் மட்டும் அடக்கமான இடம் இருக்கிறது. பிறகு அந்த விவரத்தைக் கைவிட்டுவிட்டார்கள். அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டுச் சான்றிதழ்களில் மயானத்தின் பெயரும் இறுதிச் சடங்கை நடத்திய நிறுவனத்தின் பெயரும் பெரும்பாலும் இருக்கும். இடம் எழுதப்படாத சான்றிதழையும் ஒதுக்கிவிடாதீர்கள். இறப்பைத் தெரிவித்தவர் யார், அவர் முகவரி என்ன என்ற வரியைப் பாருங்கள். அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தவரும் பெரும்பாலும் அவராகவே இருப்பார். அவர் வாழ்ந்த பகுதியின் மயானத்திலிருந்து தேடலைத் தொடங்கலாம்.

இனி பதிவேட்டுக்கு வருகிறேன். இங்கேதான் நிறையப் பேர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். மயான அலுவலகத்தில் ஒரே ஒரு பதிவேடுதான் இருக்கும் என்று நினைக்கக் கூடாது. பல இடங்களில் குறைந்தது இரண்டு இருக்கும். முதலாவது, தேதி வரிசையில் எழுதிய அடக்கப் பதிவேடு. அதில் பெயர், வயது, கடைசி முகவரி, அடக்கமான நாள், குழி எண் ஆகியவை இருக்கும். இரண்டாவது, குழி வாரியாக எழுதிய பதிவேடு. ஒரு குழி எண்ணுக்கு ஒரு பக்கம். அந்தக் குழிக்குள் யார் யாரை எந்தெந்த ஆண்டில் வைத்தார்கள் என்பது அந்தப் பக்கத்தில் வரிசையாக இருக்கும். முதல் பதிவேட்டில் குழி எண்ணை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். 'இதே குழியில் வேறு யார் இருக்கிறார்கள்?' என்று கட்டாயம் கேளுங்கள். குடும்பத்தில் யாரும் பேசாத ஒரு குழந்தை, முதல் மனைவி, திருமணமாகாமல் இறந்த ஒரு அத்தை எல்லாரும் அந்தப் பக்கத்தில்தான் வெளியே வருவார்கள். குழிக்கு உரிமையாளர் யார் என்பதற்குத் தனி ஏடு வைத்திருந்தால் அதையும் பார்க்கச் சொல்லுங்கள். யார் பணம் கட்டினார் என்பது உறவுமுறையைக் காட்டிக்கொடுக்கும்.

அந்தப் பக்கத்தில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பெயர்கள் இருந்தால் குழம்ப வேண்டாம். அது பொதுக்குழி. குழி வாங்க வசதியில்லாதவர்களை அப்படித்தான் ஒன்றாக அடக்கம் செய்தார்கள். அதன்மேல் கல் வைக்கப் பெரும்பாலும் அனுமதியும் இருந்ததில்லை. 'ஏழைகளின் குழி' என்று கேட்டதும் சில குடும்பங்கள் தேடலையே நிறுத்திவிடுகின்றன. அது வருத்தமான விஷயம். பொதுக்குழிக்கும் எண் உண்டு, வரைபடத்தில் இடம் உண்டு.

பெயரைத் தவறில்லாமல் தட்டச்சு செய்தால் போதும் என்று நம்புவது இன்னொரு பொறி. எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். நூறாண்டு கழித்து வேறொருவர் அதைக் கணினியில் ஏற்றும்போது தனக்குப் புரிந்தபடி படித்தார். இரண்டு இடத்திலும் பிழை நுழையும். தந்தை பெயரையே குடும்பப் பெயராக எழுதியிருக்கலாம், வீட்டுப் பெயரை எழுதியிருக்கலாம், மறுமணமான பெண் நமக்குத் தெரியாத பெயரில் இருக்கலாம். தேடும்போது விவரங்களைக் கூட்டாமல் குறையுங்கள். பெயரை விட்டுவிட்டு ஆண்டையும் முகவரியையும் வைத்துத் தேடினால் சில நேரம் சட்டென்று அகப்படும்.

எரியூட்டப்பட்டிருக்கலாம் என்ற எண்ணமே வராமல் ஆண்டுக்கணக்கில் கல்லறை தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். காலமும் சமயமும் இதில் கைகொடுக்கும். பிரிட்டனில் வோக்கிங் தகனக்கூடத்தில் முதல் தகனம் நடந்தது 1885இல். அதற்கு முந்தைய இறப்புக்கு அங்கே தகனப் பதிவேட்டைத் தேடுவது வீண். 1960களின் இறுதியில் அந்த நாட்டில் தகனங்களின் எண்ணிக்கை அடக்கங்களை முந்திவிட்டது. கத்தோலிக்கத் திருச்சபை தகனத்தை அனுமதித்தது 1963இல். அதற்கு முன் இறந்த கத்தோலிக்கரை முதலில் இடுகாட்டில் தேடுவதே சரி.

தகனம் நடந்த இடம் தெரிந்ததும் தேடல் முடிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. அஸ்தி எங்கே போனது என்பது தனிக் கேள்வி. தகனக்கூடத் தோட்டத்தில் தூவியிருக்கலாம், கலசத்தில் வைத்துப் புதைத்திருக்கலாம், உறவினர் வாங்கிச் சென்று நீரில் கரைத்திருக்கலாம், வேறு ஊரில் பெற்றோரின் குழியில் சேர்த்திருக்கலாம். தகனப் பதிவில் இதைக் குறிப்பதற்கென்றே பல இடங்களில் ஒரு கட்டம் உண்டு. 'தகனம் எப்போது?' என்று மட்டும் கேட்டால் தேதியை மட்டும் சொல்வார்கள். 'அஸ்தியை யாரிடம் கொடுத்தீர்கள், தூவியிருந்தால் தோட்டத்தின் எந்தப் பகுதியில்?' என்று சேர்த்துக் கேளுங்கள்.

இறந்து பிறந்த குழந்தைகளையும் பிறந்த உடன் இறந்த குழந்தைகளையும் தேடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை பல நாடுகளில் மருத்துவமனையே அடக்கத்துக்கு ஏற்பாடு செய்துவிடும். எங்கே என்று தாயிடம் சொல்லும் வழக்கமே பல இடங்களில் இருந்ததில்லை. 'எந்தப் பதிவும் இருக்காது' என்று அந்தத் தாய்மார்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். பல நேரங்களில் பதிவு இருக்கிறது, குழந்தையின் பெயரில் இல்லை, அவ்வளவுதான். 'இன்னாருடைய குழந்தை' என்று தாயின் குடும்பப் பெயரிலோ, மருத்துவமனையின் பெயரிலோ எழுதியிருப்பார்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறந்து பிறந்த குழந்தைகளைப் பதிவுசெய்வது 1927இல் தொடங்கியது. மருத்துவமனையின் பெயர், பிறந்த தேதி, தாயின் அன்றைய முகவரி ஆகிய மூன்றையும் எழுதி, அருகிலிருந்த எல்லா மயானங்களுக்கும் தகனக்கூடங்களுக்கும் கேட்டு அனுப்ப வேண்டும். ஒரு இடத்தில் இல்லை என்றதும் ஓய்ந்துவிடக் கூடாது. பிரிட்டனில் 'சாண்ட்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் இந்தத் தேடலுக்கு வழிகாட்டுகிறது.

கல்லில் பெயர் இருந்தால் அதன் கீழே உடல் இருக்கிறது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. கடலில் மூழ்கியவர், போரில் காணாமல் போனவர் ஆகியோரின் பெயர்களைக் குடும்பக் கல்லில் சேர்ப்பது உலகெங்கும் உண்டு. பிரான்சில் தியெப்வால் நினைவுச் சின்னத்தில் 72,000க்கும் மேற்பட்ட பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவை கல்லறை அறியப்படாதவர்களின் பெயர்கள். 1917இல் தொடங்கப்பட்ட காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில் தேடுகிறவர்கள், கிடைத்திருப்பது மயானமா நினைவுச் சின்னமா என்பதை முதலில் கவனிக்க வேண்டும். இன்னொன்றையும் பாருங்கள்: முதல் உலகப் போரில் காயமுற்று இங்கிலாந்தின் பிரைட்டன் நகர மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் ஊருக்கு வெளியே ஒரு குன்றில் தகனம் செய்யப்பட்டார்கள். அந்த இடத்தில் 1921இல் 'சத்ரி' என்ற மண்டபம் திறக்கப்பட்டது. அங்கே எரியூட்டப்பட்ட 53 பேரின் பெயர்களைத் தாங்கிய நினைவுக்கல் அருகில் வைக்கப்பட்டது 2010இல்தான். அதற்கு முன் அங்கே போய் நின்ற பேரனுக்குத் தன் தாத்தாவின் பெயர் கண்ணில் பட்டிருக்காது.

இணையத் தளங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'ஃபைண்ட் எ கிரேவ்', 'பில்லியன்கிரேவ்ஸ்' போன்றவற்றில் தன்னார்வலர்கள் படமெடுத்துச் சேர்த்தவை இருக்கின்றன. கல்லைப் படமெடுக்கிறவர்களுக்குக் கல் இல்லாதவர் எளிதில் அகப்பட மாட்டார். அங்கே வரவில்லை என்றால் இன்னும் யாரும் சேர்க்கவில்லை என்றுதான் பொருள். அங்கே இருப்பதையும் மூலப் பதிவோடு ஒப்பிடாமல் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள்.

கல்லறை என்றைக்கும் அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையும் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது. ஜெர்மனியில் பெரும்பாலும் 20 முதல் 30 ஆண்டுகளுக்கு மட்டுமே குழி கொடுக்கப்படுகிறது. நீட்டிக்காவிட்டால் அதே இடம் வேறொருவருக்குப் போகும். சிங்கப்பூரில் 1998 முதல் அடக்கக் காலம் 15 ஆண்டுகள்தான். பிறகு தோண்டியெடுத்து, சமய வழக்கப்படி தகனமோ மறு அடக்கமோ செய்கிறார்கள். சான் பிரான்சிஸ்கோவின் பழைய மயானங்களில் கிடந்தவர்களை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் கோல்மா என்ற பக்கத்து ஊருக்கு மாற்றினார்கள். 'மயானம் இப்போது இல்லை' என்ற பதில் வந்தால், எப்போது மூடினார்கள், எலும்புகளை எங்கே கொண்டுபோனார்கள், பதிவேடுகள் யாரிடம் போயின என்று கேளுங்கள். மூடிய மயானத்தின் ஏடுகள் நகராட்சியிலோ, மறைமாவட்ட அலுவலகத்திலோ, ஆவணக் காப்பகத்திலோ இருக்கக்கூடும்.

வீட்டுப் பெரியவர்களிடம் 'எங்கே புதைத்தார்கள்?' என்று நேராகக் கேட்டால் 'தெரியாது' என்று சொல்லிவிடுவார்கள். வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள். அன்றைக்கு நடந்தே போனீர்களா, வண்டியிலா? வழியில் ஆறு இருந்ததா, ரயில் பாதையைக் கடந்தீர்களா? யார் வரக் காத்திருந்தார்கள்? அன்று சிறுவராக இருந்தவருக்கு மயானத்தின் பெயர் நினைவில்லாமல் போகலாம். காலில் செருப்பில்லாமல் நடந்த தூரம் மறக்காது.

கடைசியில் குழி எண்ணோடு நேரில் போகும்போதும் ஒரு எச்சரிக்கை. எழுத்து தெரிய வேண்டும் என்று கல்லைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பது, பிளீச்சிங் திரவம் ஊற்றுவது, சுண்ணக்கட்டி பூசுவது எல்லாம் கல்லைக் கெடுக்கும். சூரியன் தாழ்வாக இருந்து வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போங்கள், அல்லது ஒரு கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து ஒளியைக் கல்லின் மேல் குறுக்காக விழச் செய்யுங்கள். தேய்ந்த எழுத்தும் நிழலோடு எழுந்து தெரியும். படமெடுக்கும்போது கல்லை மட்டும் எடுக்காமல், இருபுறக் கல்லறைகளையும் பகுதி எண் எழுதிய பலகையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். உங்கள் உறவினரின் குழியில் கல் இல்லை என்றால், அடுத்த முறை வருகிறவருக்கு அந்தப் பக்கத்துக் கற்கள்தான் அடையாளம்.