தோண்டும்போது கிடைத்த கோலி பழையதா? பார்த்துச் சொல்வது எப்படி

மெட்டல் டிடெக்டர் கண்ணாடிக்குச் சத்தம் கொடுக்காது, நாணயத்துக்கோ ஆணிக்கோ தோண்டும்போது கூடவே வருவதுதான் கோலி. கோலியே சத்தம் கொடுத்தால் அது எஃகு. கனமில்லாமல், ஒரு பக்கம் தகட்டை மடித்துச் சேர்த்த இடம் சிலுவைக் குறியாகத் தெரிந்தால் பழைய எஃகுக் கோலி, கனமான குண்டு என்றால் பெரும்பாலும் பேரிங் குண்டு.

முதலில் கழுவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சோப்பு போதும். சில்லென்று இருக்கும் கண்ணாடியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் விரிசல் விடும். மண் கோலியாகத் தெரிந்தால் ஊற வைக்காமல் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பழுப்பு அல்லது நீல மெருகு பூசிய கோலியில் மெருகு ஏறாத சின்ன வட்டங்கள் இருந்தால் அவை சேதமல்ல. சூளையில் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்த இடங்கள்.

இனி கண்ணாடிக் கோலி. இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் எல்லோரும் நிறத்தைப் பார்த்துத்தான் வயதைச் சொல்கிறார்கள், நிறம் ஏமாற்றும். பார்க்க வேண்டியது இரண்டு முனைகளை. ஜெர்மனியின் லாஷா ஊரில் 1840களின் கடைசியில் கோலி வெட்டும் கத்தரி வந்த பிறகு, நிற இழைகள் ஓடும் நீளமான கண்ணாடிக் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி உருட்டினார்கள். வெட்டிய இடம் சொரசொரப்பாகவோ தேய்த்துச் சமன் செய்தோ இருக்கும், அதுதான் பான்டில் தடம். இதையும் சில்லு பெயர்ந்த இடத்தையும் குழப்பிக்கொள்வது ரொம்ப சுலபம். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து லென்ஸில் பாருங்கள்: இழைகள் திரண்டு வந்து அந்த இடத்தில் முடிந்தால் பான்டில். இழைகள் அதைக் கண்டுகொள்ளாமல் அடியில் ஓடிக்கொண்டே போனால், பள்ளம் பளபளவென்று நகத்தில் தட்டினால், அது சில்லு பெயர்ந்த இடம்.

பான்டில் தடமே இல்லையா? இயந்திரக் கோலியாக இருக்கலாம். அமெரிக்காவின் ஆக்ரனில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் 1905-இல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அங்கே கண்ணாடியைக் கையால் எடுத்து இயந்திரத்தில் விட்டதால், ஒரு முனையில் 9 போன்ற சுழியும் எதிர்முனையில் வெட்டுத்தடமும் இருக்கும். இப்படி ஒன்று கிடைத்தால் பத்திரமாக வையுங்கள்.

தெளிந்த கண்ணாடிக்குள் இதழ் போல நிறம் நின்றால் பூனைக்கண், அது 1950களை ஒட்டி ஜப்பானிலிருந்து பரவிய வகை. இளம்பச்சையாக, உள்ளே நிறமே இல்லாமல் இருந்தால் கோலிசோடா பாட்டிலை உடைத்து எடுத்ததாக இருக்கலாம். இங்கிலாந்துக்காரர் ஹைரம் காட் அந்தப் பாட்டிலுக்கு 1870களில் காப்புரிமை வாங்கினார்.

கருவி என்றால் 10 மடங்கு லென்ஸ் ஒன்றே போதும் என்பேன். புற ஊதா விளக்கை நிறையப் பேர் வாங்கச் சொல்கிறார்கள், பச்சையாக ஒளிர்ந்தால் யுரேனியம் கலந்த கண்ணாடியாக இருக்கலாம், அவ்வளவுதான், அதை மட்டும் வைத்து வயதைச் சொல்ல முடியாது.

பின்சேர்க்கை: மண்ணில் கிடந்து மங்கிப்போனதால் உள்ளே எதுவும் தெரியவில்லை என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தண்ணீரில் நனைத்துப் பாருங்கள், ஈரம் இருக்கும் வரை இழைகள் தெரியும், அப்போதே படம் எடுத்துவிடுங்கள். பாலிஷ் மட்டும் போடாதீர்கள், பான்டில் தடமும் சேர்ந்து தேய்ந்துவிடும்.