ஒப்பிக்கிறத படிக்கிறதுன்னு நம்பி நான் கெட்ட கதை

போன வாரம் புதுசா சேர்ந்த டீச்சர் ஒருத்தங்க ஓடி வந்து, "அக்கா, அந்தப் பையன் முழு புக்கையும் படிச்சிட்டான்!"னு சொன்னாங்க. எனக்கு வயித்துல புளியக் கரைச்சிது. நான் ஆரம்பிச்ச புதுசுல இதே வார்த்தைய இதே சந்தோஷத்தோட சொல்லியிருக்கேனே! படிக்கவும் பேசவும் தடுமாறுற பசங்களுக்கு சொல்லிக் கொடுக்கும்போது நாம பண்ற தப்புகளத்தான் கீழ ஒண்ணொண்ணா சொல்றேன். பொறுமையா இருங்க, திட்டாதீங்கங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அத விட்டுடறேன்.

ஒப்பிக்கிறதுக்கு கை தட்டுறது

ஆறு வயசுப் பையன். எழுத்துதான் தகராறு, ஞாபக சக்தி பிரமாதம். ஒரே கதை புக்க தினமும் சேர்ந்து படிப்போம், ரெண்டு மாசத்துல தங்குதடையில்லாம படிச்சான், அவங்க அம்மாவக் கூப்பிட்டு வேற காமிச்சேன், அவங்க அழுதே போட்டாங்க. ஒரு நாள் தெரியாம ரெண்டு பக்கத்த சேர்த்துத் திருப்பிட்டேன். பையன் பாட்டுக்கு விட்டுப்போன பக்கத்த சொல்லிட்டு இருக்கான், விரல் மட்டும் வேற வரிக்குக் கீழ அழகா நகருது.

தப்பு அவன் மேல இல்ல. தடுமாறும்போதெல்லாம் "படத்தப் பாரு, என்னவா இருக்கும்?"னு எடுத்துக் கொடுத்ததே நான்தான். 'குரங்கு'ன்னு எழுதியிருக்கும், படத்துல மரம் பெருசா இருக்கும், 'மரம்'பான், "கிட்டத்தட்ட கரெக்ட்"னு தட்டிக்கொடுப்பேன். என்ன கிட்டத்தட்ட? இப்ப நெனச்சாலும் எரிச்சலா வருது. படிக்கிறதே ஒரு ஊகிக்கிற விளையாட்டுதான்னு 1967ல கென் குட்மன்னு ஒரு அமெரிக்க கல்வி ஆராய்ச்சியாளர் எழுதினார், அந்த யோசனை பல ஊரு கிளாஸ்ரூம் வரைக்கும் போச்சு. நல்லா படிக்கிறவங்க எழுத்தப் பாத்துதான் படிக்கிறாங்க, ஊகத்த நம்புறது தடுமாறுறவங்கதான்னு பிற்பாடு வந்த ஆராய்ச்சிகள் காட்டிடுச்சு.

நம்ம எழுத்துல இன்னொரு பொறியும் இருக்கு, அந்த 'க கா கி கீ' ராகம். 'கே'ய மட்டும் தனியாக் காட்டுங்க, குழந்தை வாய்க்குள்ளயே 'க'வுல ஆரம்பிச்சு பாடிட்டு வந்து அங்க நிக்கும். 247ல 216 உயிர்மெய், அத்தனையும் பாட்டாவே மனசுல இருந்தா எழுத்து எங்க இருக்கும்? இதுல கொம்பு முன்னாடி நிக்கும், சத்தம் பின்னாடி வரும். 'கொடி'ய 'கெரடி'ன்னு படிச்ச பசங்கள நான் பாத்திருக்கேன், துணைக்கால் அவங்களுக்கு 'ர'வாத் தெரியுது.

இப்ப நான் பண்றது இதான்: படத்த கையால மூடுவேன், தெரிஞ்ச எழுத்த வச்சே புது வார்த்தை எழுதுவேன், கடைசில 'டேமு', 'தொபி'ன்னு அர்த்தமே இல்லாத ரெண்டு வார்த்தை. அத ஊகிக்கவே முடியாது. அஞ்சே நிமிஷத்துல உண்மை தெரிஞ்சிடும். படிச்சு முடிச்சதும் படத்தத் திறந்துடுவேன், பேச வைக்க அத விட நல்ல சாமான் கிடையாது.

பேச்சுன்னு நெனச்சு பரீட்சை வைக்கிறது

"இது என்ன? என்ன கலர்? எத்தன கால்?" போலீஸ் விசாரணை மாதிரி. குழந்தை "நாய் ஓது"ன்னா, "ஆமா, நாய் வேகமா ஓடுது"ன்னு ஒரு வார்த்தை கூட்டித் திருப்பிச் சொல்லுங்க. திருத்துற மாதிரி சொல்லாதீங்க, பதில் சொல்ற மாதிரி. அப்புறம் வாய மூடிட்டு மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. அந்தப் பத்து எண்றதுதான் நமக்குக் கஷ்டம், எனக்கு இன்னும் ஆறுல வாய் தொறந்துடுது.

எழுத்தத் திருப்பிப் போட்டா உடனே டிஸ்லெக்ஸியான்னு சொல்றது

ஆறு வயசு வரைக்கும் நிறைய பசங்க திருப்பித்தான் எழுதுவாங்க. அத மட்டும் வச்சு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தப் படிக்கிறதுலயே இருக்கிற குறைபாடுன்னு முத்திரை குத்தாதீங்க.

வீட்டு மொழிய நிறுத்தச் சொல்றது

அப்படிச் சொல்லவே வேண்டாம், வீட்டுல பேசுற மொழி பாட்டுக்கு இருக்கட்டும்.

காத மறந்துட்டு பாடம் ஆரம்பிக்கிறது

"கூப்பிட்டா திரும்புறானே"ம்பாங்க. அடிக்கடி சளி பிடிக்கிற குழந்தைக்கு காதுக்குள்ள நீர் கோத்துக்கிட்டா சத்தம் கேக்கும், ஆனா மங்கலா, தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி. அதுவும் ஒரு நாள் கேக்கும், ஒரு நாள் கேக்காது. 'பல்'லுக்கும் 'கல்'லுக்கும் வித்தியாசம் காதுல விழாத பிள்ளைக்கு நீங்க எழுத்துல என்னத்த வித்தியாசம் காட்டப்போறீங்க? முதல்ல காது டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, புக்க அப்புறம் தொறக்கலாம்.