மலைவீட்டில் மிஞ்சிய ஸ்டிக்கர் தாள்: துண்டுகளை வீணாக்காமல் பயன்படுத்தும் முறை

சமையலறை அலமாரித் தட்டுகளில் விரிப்பதற்கு ஸ்டிக்கர் ரோல் வாங்கினால், ரோலின் அகலம் பெரும்பாலும் 45 அல்லது 60 சென்டிமீட்டராகவும் தட்டின் அகலம் அதைவிடக் குறைவாகவும் இருப்பதால், ஓரத்தில் நீளமான ஒரு பட்டை மிஞ்சியே தீரும். குன்னூரில் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் இப்படிச் சேர்ந்த சுருள்களை எடுத்து, எங்கெங்கே ஒட்டினால் நிற்கிறது, எங்கே நிற்கவில்லை என்று பார்த்துப் பழகியதை, முதன்முறையாகச் செய்கிறவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

மலையில் இந்த வேலையைத் தீர்மானிப்பது ஈரமும் குளிரும்தான். வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆன இந்த ஸ்டிக்கர் தாளின் பின்புறப் பசை அழுத்தத்தால் பிடிக்கும் வகையைச் சேர்ந்தது. குளிரில் அது இறுகிவிடுவதால் பரப்போடு முழுமையாகப் படியாது, ஈரம் படிந்த பரப்பிலோ அறவே பிடிக்காது. ஆகவே, வெயில் தலைகாட்டும் நாளில், முற்பகல் பதினொரு மணிக்கு மேல் தொடங்கி மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள். கூடலூர், உதகைப் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் மழை வலுத்திருக்கும் என்பதால், அந்த மாதங்களில் தாளை அடுப்படி வெதுவெதுப்பில் ஒரு மணி நேரம் வைத்திருந்து பிறகு ஒட்டலாம். வெளிப்புறச் சுவரின் உட்பக்கத்தில் மட்டும் எந்தக் காலத்திலும் ஒட்ட வேண்டாம். நான் ஒரு நவம்பரில் அப்படி ஒட்டி, பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது உரித்துப் பார்த்தால், சுவர் முழுவதும் கறுப்புப் பூஞ்சை படர்ந்திருந்தது. சுவரின் ஈரம் வெளியேற வழியில்லாமல் தாளுக்குப் பின்னால் தங்கியதே காரணம்.

பழைய தேயிலைப் பெட்டிக்கு உள்விரிப்பு

மிஞ்சிய பட்டைகளுக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியாது. முன்பு தேயிலை அனுப்பப் பயன்பட்ட, விளிம்புகளில் தகரப்பட்டை அடித்த ஒட்டுப்பலகைப் பெட்டி பல மலைவீடுகளின் மச்சில் இன்னும் கிடக்கிறது. அதைக் கம்பளி, ஸ்வெட்டர் வைக்கும் பெட்டியாக மாற்றலாம்.

முதலில் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டித் தேயிலைத் தூளை உதிர்த்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளைச் சுத்தியலால் உள்ளே அடித்து, சிலாம்புகளை உப்புத்தாளால் தேய்த்து, ஒரு நாள் முழுவதும் வெயிலில் காயவையுங்கள். காய்ந்ததா என்று அறிய உள்ளங்கையைப் பலகையில் வைத்துப் பார்த்தால் போதும். சில்லென்று இருந்தால் இன்னும் ஒரு நாள் வெயில் வேண்டும்.

அடுத்து, அடிப்பலகையை அளந்து, நான்கு பக்கமும் 2 சென்டிமீட்டர் கூடுதலாக விட்டுத் தாளை வெட்டுங்கள். பசையை மூடியிருக்கும் பின்தாளில் கட்டங்கள் அச்சிட்டிருந்தால் கோடு போடும் வேலை மிச்சம். ஒரே துண்டாகக் கிடைக்காவிட்டால், பட்டைகளை 1 சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டலாம். பின்தாளை முழுவதும் உரித்துவிடாமல், ஓர் ஓரத்தில் நான்கு விரற்கடை மட்டும் உரித்து ஒட்டி, ஒரு கையால் பின்தாளை மெல்ல இழுத்துக்கொண்டே மறுகையில் மடித்த துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திச் செல்லுங்கள். கூடுதலாக விட்ட ஓரங்களைப் பக்கப்பலகைகளின் மேல் ஏற்றி அழுத்தியபின், பக்கங்களுக்கான துண்டுகளை அவற்றின் மேல் படியும்படி ஒட்டினால் மூலைகளில் இடுக்கு விழாது. குமிழி எழும்பினால் ஊசியால் ஒரு குத்துக் குத்தி விரலால் தடவுங்கள். காற்று வெளியேறித் தாள் படிந்துவிடும். மூடியின் உட்புறத்தை மட்டும் வெறும் மரமாகவே விட்டுவிடுங்கள். நாலாபுறமும் வினைலால் அடைத்துவிட்டால், துணியில் எஞ்சிய ஈரம் பெட்டிக்குள்ளேயே தங்கிவிடும்.

சன்னல் கண்ணாடியின் கீழ்ப்பகுதி

பாதையைப் பார்த்த சன்னலுக்கு, ஒளியை மட்டும் விடும் மங்கலான தாளின் துண்டு போதும். இங்கே மட்டும் ஈரமாக ஒட்ட வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் இரண்டு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, துடைத்த கண்ணாடியில் தெளித்து, தாளை வைத்து நகர்த்திச் சரிசெய்தபின், துணி சுற்றிய பழைய அட்டையால் நீரை ஓரத்துக்குத் தள்ளி வெளியேற்றுங்கள். சட்டத்திலிருந்து சுற்றிலும் 3 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது அவசியம். மலையில் விடிகாலையில் கண்ணாடியின் உட்புறத்தில் வியர்க்கும் நீர் வழிந்து கீழ்ச்சட்டத்தில் தேங்கும்; தாளின் ஓரம் அந்த நீரில் நனைந்துகொண்டே இருந்தால் ஒரே மாதத்தில் சுருண்டுகொள்ளும்.

சிறு துண்டுகள்

உள்ளங்கை அளவுத் துண்டுகளை மிளகு, பட்டை, தேயிலைத்தூள் டப்பாக்களுக்குப் பெயர்ச்சீட்டாக ஒட்டலாம். காகிதத்தில் எழுதிய சீட்டின் மேல், நிறமற்ற ஸ்டிக்கர் தாளைச் சுற்றிலும் அரை விரல் கூடுதலாக விட்டு ஒட்டினால், ஈரக்கை பட்டாலும் மை கலையாது. பிள்ளைகளின் நோட்டு முனைகளுக்கும் இதே முறைதான். தாளின் பசைப் பக்கம் உணவின் மேல் படும்படி எங்கும் ஒட்டக் கூடாது. அடுப்பை ஒட்டிய இடமும் வேண்டாம், சூட்டில் வினைல் இளகிச் சுருங்கும்.

யூகலிப்டஸ் தைலப் புட்டிக்கு மட்டும் இந்தச் சீட்டு நிலைக்காது, ஏனெனில் வழியும் தைலம் பசையையே கரைத்துவிடும். அதே குணம் நமக்கு வேறிடத்தில் உதவுகிறது. பழைய தாளை உரித்தபின் கண்ணாடியிலோ எவர்சில்வரிலோ பிசுக்கு நின்றால், பஞ்சில் சில சொட்டுத் தைலம் விட்டு ஐந்து நிமிடம் ஒற்றிவைத்துத் துடையுங்கள். பாலிஷ் போட்ட மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். தைலம் தீப்பற்றக்கூடியது என்பதால் எரியும் அடுப்பருகே இந்த வேலை கூடாது.

உரித்த பின்தாளின் வழவழப்பான பக்கத்தில் பசை ஒட்டாது. பிள்ளைகள் ஃபெவிகால் வைத்து வேலை செய்யும்போது மேசையில் விரித்துக்கொள்ள அது மிகவும் ஏற்றது. எதற்கும் ஆகாத வினைல் துணுக்குகளைக் குளிர்காயும் கரியடுப்பில் தயவுசெய்து போடாதீர்கள். இவற்றில் பெரும்பாலானவை பி.வி.சி.யால் ஆனவை, எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வெளிப்பட்டு, கதவு சாத்திய அறையில் கண்ணையும் நெஞ்சையும் எரிக்கும். ஒரு பையில் சேர்த்துவைத்து, தூய்மைப் பணியாளர் வரும்போது உலர்குப்பையோடு கொடுத்துவிடுங்கள்.