அயனிமண்டலச் சீரின்மைகள்: பதிவைப் படிக்கும்போது சறுக்கும் இடங்கள்

அயனிமண்டலம் என்பது சூரிய ஒளியால் அணுக்களிலிருந்து மின்னணுக்கள் பிரிந்து கிடக்கும் மேல்வளிமண்டலப் பகுதி; அதில் அடுக்குகள் உண்டு. பொழுது சாய்ந்ததும் 100 கி.மீ. உயரத்தை ஒட்டிய ஈ அடுக்கு வேகமாக மெலிந்துவிடும். மேலே உள்ள எஃப் அடுக்கு இன்னும் உயரே எழும்பும். அதன் அடிப்பக்கத்தில் மின்னணுக்கள் குறைந்த பகுதிகள், தண்ணீருக்கு அடியில் மாட்டிக்கொண்ட எண்ணெய் போல, மேல்நோக்கிக் கிளம்பும். இவைதான் பிளாஸ்மா குமிழிகள். இவற்றோடு பிறக்கும் சிறு சீரின்மைகளைக் கடந்து வரும் செயற்கைக்கோள் சிக்னல் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பை அளக்கும் எண்தான் எஸ்4.

எஸ்4 வரைபடத்தில் பலர் ஏமாறுவது வெற்றிடத்தில். இரவு எட்டரைக்குக் கோடு கிடுகிடுவென்று ஏறுகிறது, அப்புறம் இருபது நிமிடம் ஒன்றுமே இல்லை, பிறகு மறுபடி கோடு. அந்த இருபது நிமிடத்தை அமைதி என்று கணக்கில் எழுதிவிடுகிறார்கள். பெரும்பாலும் உண்மை நேர்மாறு: மினுமினுப்பு அவ்வளவு கடுமையாகி, ரிசீவர் சிக்னலையே தவறவிட்டிருக்கும். காணாமல் போன பதிவைச் சுழியமாக நிரப்பும் நிரல்களை நான் நம்புவதே இல்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. செயற்கைக்கோள் அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பும் அலைகளும் எஸ்4-ஐ ஏற்றிவிடும். கண்டுபிடிக்க எளிய வழி: ஒரே ஜி.பி.எஸ். செயற்கைக்கோளின் பதிவைச் சில நாட்களுக்கு அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். அந்த மேடு தினமும் சுமார் 4 நிமிடம் முன்னதாக வந்தால், அது கட்டடத்தின் வேலை. குமிழிகளுக்கு அப்படிப்பட்ட ஒழுங்கெல்லாம் கிடையாது; நேற்று இரவு முழுக்க ஆடியது இன்று எட்டிக்கூடப் பார்க்காது.

அடுத்தது கடிகாரம். அயனிமண்டலத்தை ஆராயும் பெருவின் ஹிக்கமார்க்கா ரேடார் இருக்கும் இடத்தில் மாலை 7 மணி என்றால் உலக நேரத்தில் நள்ளிரவு. சீரின்மைகள் தலைகாட்டத் தொடங்கும் வேளையில் தேதி மாறிவிடுகிறது. மார்ச் 31 இரவு நடந்தது ஏப்ரல் கணக்கில் போய்ச் சேரும். உள்ளூர் நேரத்தில், நண்பகலிலிருந்து நண்பகல் வரை ஒரு நாள் என்று பிரித்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. இன்னொன்று, தரையில் சூரியன் மறைந்த நேரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் 100 கி.மீ. உயரத்தில் இருள்வதற்கு மேலும் 40 நிமிடம் ஆகும்.

"விஷுவ மாதங்களில்தான் (பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பரை ஒட்டி) சீரின்மைகள் அதிகம்" என்பது இந்தியத் தீர்க்கரேகைகளுக்குப் பொருந்தும். பிரேசிலில் உச்சம் டிசம்பரை ஒட்டி வருகிறது. காரணம் இதுதான்: பகல்–இரவு எல்லைக்கோடு காந்தப்புலக் கோடுகளுக்கு இணையாக விழும்போது, ஒரு புலக்கோட்டின் இரு முனைகளிலும் ஒரே நேரத்தில் இருள்கிறது. எஃப் அடுக்கை மேலே தூக்கும் மின்புலம் அப்போது வலுக்கிறது. இந்தியாவில் காந்த ஊசி ஏறக்குறைய நேர் வடக்கைக் காட்டுவதால் மார்ச்சிலும் செப்டம்பரிலும் இது நடக்கிறது; பிரேசிலில் ஊசி சுமார் 20 பாகை சாய்ந்திருப்பதால் மாதம் தள்ளிப்போகிறது. ஆக, ஒரு நாட்டின் பருவ அட்டவணை இன்னொரு நாட்டுக்கு உதவாது. மார்ச்சையும் செப்டம்பரையும் ஒன்றாகச் சேர்த்துச் சராசரி போடுவதும் சரியில்லை, இரண்டும் பல ஆண்டுகளில் சமமாக இருப்பதில்லை.

இடத்திலும் இதே கதைதான். ஜி.பி.எஸ். அலைவரிசையில் மினுமினுப்பு மிகக் கடுமையாவது காந்த நடுக்கோட்டின் (பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கும் கோடு) மேல் அல்ல. அந்தக் கோட்டிலிருந்து இருபுறமும் சுமார் 15 பாகை தள்ளி, மின்னணு அடர்த்தி குவியும் பட்டைகளில்தான்.

கடைசியாகச் சூரியச் சுழற்சி, அதாவது சூரியனின் செயல்பாடு சுமார் 11 ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்குவது. 2014 போன்ற உச்ச ஆண்டில் பழகிய கண்ணோடு 2009 போன்ற மந்தமான ஆண்டின் பதிவைப் பார்த்தால், மாலை நேரம் வெறிச்சோடித் தெரியும். ஆனால் அத்தகைய ஆண்டுகளின் ஜூன், ஜூலை மாதங்களில் சீரின்மைகள் நள்ளிரவுக்குப் பிறகு எழுவதுண்டு. இரவு 12 மணியோடு பதிவை வெட்டி வைத்திருப்பவர் கண்ணில் அவை படவே படாது.